பின்மூடியைத் திறந்துவிட்டு விலையைப் பேசுவோம்

பெரம்பலூர் பாலக்கரை பக்கம் உள்ள கம்ப்யூட்டர் கடைகளில் ஜூன், ஜூலை மாதங்களில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு நேராக லேப்டாப் வாங்க வரும் அப்பாக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐ5 இருக்குங்களா?" ரேம் எவ்வளவு, அது பலகையோடு சால்டர் பண்ணியதா, கழற்றி மாட்டக்கூடியதா, திரை என்ன ரகம், பேட்டரி எத்தனை வாட்-அவர் என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. கடைக்காரர் கேட்டதைத்தான் எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

லேப்டாப்பில் அதிகம் வீணாகும் பணம் பிராசசர் பெயருக்காகக் கொடுப்பதுதான் என்பது என் கட்சி. பின்னால் மாற்றவே முடியாத பாகத்துக்கு வாங்கும்போதே தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் இருந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய பாகத்துக்குக் கடையில் அவசரப்பட வேண்டாம். இரண்டு மெஷின்களை வைத்து இதைச் சொல்கிறேன். ஒன்று அரியலூர் மாவட்டத்துக் கிராமத்தில் இருக்கும் பழைய கவர்மெண்ட் லேப்டாப். இன்னொன்று பெரம்பலூரில் இந்த ஆண்டு பொறியியல் சேர்ந்த ஒரு பையனுக்காகக் கடை ஏறி இறங்கித் தேடியது.

முதலில் பழையது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயின. கொரோனாவுக்குப் பிறகு அது நின்றுபோனது. 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கொடுப்பதாக மறுபடி அறிவித்தார்கள். அதற்காக எல்காட் விட்ட டெண்டரில் குறைந்தபட்சம் கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களே இதற்குக் கீழே போக வேண்டாம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். தனியாக ஒன்று வாங்கும் நாமும் அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

சித்தப்பா மகளிடம் இருப்பது பழைய திட்டத்தின் கடைசி ஆண்டுகளில் வந்தது. இரண்டு கோர் உள்ள ஏஎம்டி சில்லு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை. பிளஸ் டூவில் வாங்கியதை பி.எட். வரைக்கும் ஓட்டிவிட்டாள். இப்போது டெட் தேர்வுக்கு வீடியோ பாடம் பார்க்கவும், சித்தப்பா மக்காச்சோளக் கணக்கை எக்செல்லில் போடவும் அதுதான். "அண்ணா, ஆன் பண்ணிட்டுப் போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடலாமா?" என்று கேட்டாள்.

தூக்கிப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். குரோமில் இரண்டு டேப், எக்செல்லில் ஒரு ஃபைல், அவ்வளவுதான் திறந்திருந்தது. சிபியூ இருபதைத் தாண்டவில்லை. மெமரி எண்பதுக்குப் பக்கத்தில். டிஸ்க் மட்டும் நூறிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மெஷினின் முழு வியாதியும் அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. ரேஷன் கடையில் ஒரே ஆள் பில்லும் போட்டு, உள்ளே போய் அரிசியும் நிறுத்துக் கொடுத்தால், வெளியில் எத்தனை பேர் சும்மா நின்றாலும் வரிசை நகராது இல்லையா, அந்த நிலைமைதான். பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டின் மேல் ஒரு ஊசிமுனை அங்கும் இங்கும் ஓடித் துண்டுத் துண்டாகத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறது. பெரிய சினிமா ஃபைலை ஒரே வீச்சில் படிக்க இந்த வகை டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி தரும். விண்டோஸ் எழும்பும்போது நடப்பது போலச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் பொறுக்கும்போது 1 எம்பிக்குக் கீழே விழுந்துவிடும். எஸ்எஸ்டியில் ஓடுகிற ஊசியே கிடையாது. அதனால்தான் பழைய மெஷினுக்குச் செய்யும் செலவுகளில் இதற்கு மட்டும் போட்ட காசு கண்ணெதிரே தெரிகிறது.

பின்மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூக்களில் நீளம் வேறுபடும். கழற்றிய வரிசையிலேயே ஒரு காகிதத்தில் குத்தி வைத்துவிட வேண்டும், நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முடுக்கினால் மேல்பக்கம் பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வந்துவிடும். காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். உள்ளே கை வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும்.

திறந்ததும் கண்ணில் பட்டது டிஸ்க்கும் இல்லை, ரேமும் இல்லை. ஃபேனுக்கும் அதன் வாயில் இருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படை. சீப்பில் சேரும் முடி அழுக்கைப் போலச் சுரண்டினால் உரித்துக்கொண்டு முழுசாக வந்தது. வீடு இருப்பது சுண்ணாம்புக்கல் லாரிகள் ராத்திரி பகலாக ஓடும் சாலை ஓரம். அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளும் சுரங்கங்களும் இருக்கும் வரைக்கும் இந்தத் தூசி வரத்தான் செய்யும், ஜன்னலைச் சாத்தினாலும் வரும். காற்று போக வழியில்லாமல் சூடு ஏறினால், சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பிரஷ்ஷால் தட்டி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி, காய்ந்து பொடியாகிப்போன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசாகக் கொஞ்சம் வைத்தேன். இறக்கையைப் பிடிக்காமல் ஊதினால் அது கண்டபடி சுற்றி பேரிங் கெடும். சர்வீஸ் கடையில் செய்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் வேலை. இந்த மாவட்டத்தில் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் அப்கிரேடு இதுதான். இதற்குப் பெட்டியும் இல்லை விளம்பரமும் இல்லை, அதனால் யாரும் விற்பதில்லை.

டிஸ்க்கை மாற்றுவது சுலபம். இரண்டரை அங்குலம், ஏழு மில்லிமீட்டர் தடிமன் உள்ள சாட்டா எஸ்எஸ்டி அதே கூட்டில் அப்படியே உட்காரும். 240 ஜிபியா, 480-ஆ, 1 டிபியா? சித்தப்பா வீட்டுக்கு 240 போதும். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறியவில்லை. முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டால் கல்யாண வீடியோவும் போட்டோவும் வைக்கும் வெளி டிஸ்க் ஆகிவிடுகிறது.

"எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சு போயிடுமாமே" என்று சித்தப்பா யாரோ சொல்லக் கேட்டுவந்து சொன்னார். தேயும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல கம்பெனியின் மலிவு ரக 240 ஜிபி எஸ்எஸ்டிக்கே 80 டெராபைட் எழுதும் வரைக்கும் உத்தரவாதம் தருகிறார்கள். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு ஏழு டெராபைட் சொச்சம். அப்படியே பார்த்தாலும் பதினோரு ஆண்டு வரும். சித்தப்பாவின் மக்காச்சோளக் கணக்கு ஒரு நாளைக்கு ஒரு எம்பிகூட எழுதாது. பயப்பட வேண்டியது போலிக்குத்தான். பெயர் தெரியாத பிராண்டில் 1 டிபி என்று அச்சடித்து 256-இன் விலைக்குக் கொடுத்தால், கம்ப்யூட்டருக்கு 1 டிபி என்று பொய் சொல்லும் சின்னச் சில்லுதான் உள்ளே இருக்கும். நிரப்ப ஆரம்பித்ததும் பழைய ஃபைல்கள் காணாமல் போகும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: சாட்டாவுக்குப் பதில் என்விஎம்இ போடலாமா? இந்தப் பழைய மெஷினில் அதற்கான இடமே இல்லை. இடம் இருக்கும் மெஷினிலும் வித்தியாசம் காகிதத்தில்தான் பெரிசாகத் தெரியும். சாட்டா வினாடிக்கு 550 எம்பி வரைக்கும் போகும், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500, நான்காம் தலைமுறை 7000. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் உள்ளதைப் பெரிய வீடியோ ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவர் மட்டும் உணரலாம்.

எஸ்எஸ்டி மாட்டிய பிறகு அதே மெஷின் அரை நிமிடத்துக்குள் எழும்பியது. "அண்ணா, இது வேற லேப்டாப்பா?" என்றாள். திரை அதே மங்கல் திரை, விசைப்பலகையில் அதே தேய்ந்த எழுத்துகள்.

அடுத்தது ரேம். இங்கேதான் 2025 கணக்கை மாற்றிவிட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்த 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக், ஆண்டு முடிவதற்குள் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிட்டது. உலகத்தின் மெமரிச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் என்ன விலை கொடுத்தும் வாங்கத் தயாராக இருக்கும்போது, அரியலூர்க்காரருக்கு ஒரு ஸ்டிக் செய்து விற்பதில் அவர்களுக்கு என்ன லாபம்? மைக்ரான் 2025 டிசம்பரில், க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே 2026 பிப்ரவரியோடு முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று.

அதனால் முன்பு நான் எல்லோருக்கும் சொல்லிவந்த "எஸ்எஸ்டி போடும்போதே ரேமையும் எட்டாக்கிவிடு" என்ற பேச்சு இப்போது செல்லாது. சித்தப்பா வீட்டு மெஷினில் ஸ்லாட் ஒன்றுதான். இருக்கும் 4 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு 8 போட வேண்டும், கழற்றியதை யாரும் வாங்கமாட்டார்கள். 4 ஜிபியில் குரோமும் எக்செல்லும் சேர்ந்து ஓடும்போது ரேம் போதாமல் எஸ்எஸ்டியின் ஓரத்தைக் கடன் வாங்கும். ஹார்ட் டிஸ்க் காலத்தில் அந்தக் கடன் மெஷினையே நிறுத்திவிடும், எஸ்எஸ்டியில் லேசாகத் தயங்கிவிட்டு ஓடும். ரேமை அப்படியே விட்டுவிடு என்று சொன்னேன். ரேம் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய மெஷின்களில் டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்று மூன்று வகை உலாவுகிறது. டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், 'எல்' போட்டதற்கு 1.35, டிடிஆர்4-க்கு 1.2. பழைய ஸ்டிக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் உத்தமம். மாடல் பெயரை வாயால் சொல்லி வாங்கி வந்தவர்கள் திரும்பவும் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

பேட்டரி முக்கால் மணி நேரம் நிற்கிறது. புதுசுக்குக் கேட்ட விலை எஸ்எஸ்டியை விட அதிகம், அதுவும் டூப்ளிகேட். வீட்டு மேசையிலேயே இருக்கும் மெஷினுக்கு வேண்டாம் என்று விட்டோம். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் மட்டும் கதை வேறு. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, அன்றைக்கே கழற்ற வேண்டும்.

ஒரு பாகம் மட்டும் எந்தச் செலவுக்கும் மசியாது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 வேண்டும். பழைய திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். பிராசசர் பலகையோடு சால்டர் பண்ணியது, மாற்ற வழியில்லை. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். அடுத்த பெரிய அப்டேட் வரும்போது யார் பொறுப்பு என்று கேளுங்கள். நான் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தேன். இந்த மெஷின்கள் வரும்போதே சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ளே இருந்தது, வாங்கிய கையோடு அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். வீடியோ பாடம், லிப்ரே ஆபீஸில் கணக்கு, தமிழ்99-இல் தட்டச்சு எல்லாம் நடக்கிறது. டேலி வேண்டும் என்பவருக்கு இந்த வழி ஒத்துவராது.

இதற்கு மேல் ஐயாயிரம் செலவாகும் என்றால் நிறுத்திவிடுவேன். ரேம், பேட்டரி, எஸ்எஸ்டி மூன்றும் சேர்த்தால் தொகை ஒன்பதாயிரம், பத்தாயிரத்தைத் தொடும். அதோடு இன்னொரு பங்கு சேர்த்தால் கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 5490 போன்றவை செகண்ட் ஹேண்டில் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. 8-ஆம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11 முறையாக ஏறும், ரேமுக்கு இரண்டு ஸ்லாட், கீபோர்டு இன்றைய நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பை விட நன்றாக இருக்கும். இதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது புது மெஷின். பெரம்பலூர்ப் பையன், கம்ப்யூட்டர் சயின்ஸ், கையில் ஐம்பதாயிரம். அப்பா சொன்னது வழக்கம்போல ஐ5. கடையில் மேசை மேல் வைத்தது இரண்டு. ஒன்றில் ஐ3-1315யூ, இன்னொன்றில் ஐ5-1335யூ. இரண்டிலும் பெரிய கோர் இரண்டுதான். ஐ3-இல் சின்ன கோர் நான்கு, ஐ5-இல் எட்டு. வித்தியாசம் அந்த நான்கு சின்ன கோர்கள். பைத்தான் எழுதுவது, குரோமில் இருபது டேப், ஜூம் வகுப்பு, இவற்றில் அது தெரியாது. பெரிய புரோகிராமைத் தொகுக்கும்போதும் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போதும் தெரியும். அதற்காகப் பத்தாயிரம் அதிகம் கேட்டார்கள். அதே விலை வித்தியாசத்தில் ஐ3-இல் 16 ஜிபி ரேமும் நல்ல திரையும் இருந்தால் நான் ஐ3-ஐத்தான் எடுப்பேன். ஐ7-ஐப் பற்றி இந்த விலையில் பேசவே வேண்டாம். மெல்லிய உடம்புக்குள் அதன் சூட்டை இறக்க வழியில்லாமல் ஐ5-இன் வேகத்திலேயே பாதி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

பெயரில் இன்னொரு சூது உண்டு. "ரைசன் 5, 7000 சீரிஸ், புத்தம் புதுசு" என்று சொல்லி ஒன்றை எடுத்து வைத்தார் விற்பனைப் பையன். ஸ்டிக்கரில் 7520யூ. ஏஎம்டியின் அந்த நான்கு இலக்க எண்ணில் மூன்றாவதைப் பார்க்க வேண்டும், உள்ளே இருக்கும் கோர் எந்தத் தலைமுறை என்பது அங்கேதான் இருக்கிறது. 7520-இல் மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2. நான்கே கோர். அதோடு அந்தச் சில்லு சால்டர் பண்ணிய எல்பிடிடிஆர்5 ரேமோடு மட்டுமே வரும், ஸ்லாட் என்ற பேச்சே கிடையாது. பக்கத்திலேயே இருந்த 7530யூவில் மூன்றாவது இலக்கம் 3, ஆறு கோர், டிடிஆர்4 ஸ்லாட். பத்து எண் வித்தியாசம்தான், ஆனால் இரண்டும் வெவ்வேறு மெஷின். இன்டெல்லும் சளைத்ததல்ல. 2023-இல் 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு 'கோர் 3', 'கோர் 5' என்று பெயர் வைத்தது. 'கோர் 3 100யூ' என்று வருவது பெரும்பாலும் பழைய ஐ3-1315யூவே புதுச் சட்டை போட்டு வந்ததுதான்.

சால்டர் ரேம்தான் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மூன்று வகை வரும்: முழுக்கச் சால்டர் பண்ணியது, பாதி சால்டரும் ஒரு காலி ஸ்லாட்டும், இரண்டும் ஸ்லாட். முழுக்கச் சால்டர் என்றால் 16 ஜிபிக்கு இப்போதே கொடுங்கள், 8-ஐ எடுக்காதீர்கள். நான்கு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் அந்த 8 உங்களைப் படுத்தும், கூட்டவும் முடியாது. காலி ஸ்லாட் இருந்தால் 8-ஐ எடுத்துக்கொண்டு விலை இறங்கும் வரைக்கும் காத்திருக்கலாம். ரேம் ஏறிய விலையில் நிரந்தரமாக நின்றதாகச் சரித்திரம் இல்லை. ஸ்லாட்டில் இன்னொன்று மாட்டும்போது கூடுதல் லாபமும் உண்டு. ஒரு ஸ்டிக்கை விட இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் மெமரிப் பாதை இரட்டிப்பாகும், பிராசசரோடு வரும் கிராபிக்ஸ் அதனால் நன்றாகவே வேகம் பிடிக்கும். எஸ்எஸ்டியிலும் இதே கணக்குதான். 512 ஜிபிக்கும் 1 டிபிக்கும் கம்பெனி கேட்கும் வித்தியாசம், கடையில் தனியாக எஸ்எஸ்டி வாங்கும் விலையை விட அதிகமாக இருந்தால் சின்னதையே எடுங்கள். ஆப்பிள் மட்டும் விதிவிலக்கு. அதில் ரேமும் எஸ்எஸ்டியும் இரண்டுமே பலகையோடு ஒட்டியவை, வாங்கிய அளவுதான் ஆயுசு முழுக்க. 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் அடிப்படை ரேமை 16 ஆக்கிய பிறகு அங்கே ரேமுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

திரையைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நாளைக்கு எட்டு மணி நேரம் பிள்ளை பார்க்கப்போவது பிராசசரை அல்ல, திரையை. பின்னால் மாற்றுவது நடக்காத காரியமில்லை, ஆனால் நடைமுறையில் யாரும் மாற்றுவதில்லை. முப்பத்தைந்தாயிரம் ரூபாய் லேப்டாப்புகளில் டிஎன் பேனல் இன்னும் விற்கிறது. கடையில் சோதிக்க ஒரு வழி: வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். நிறம் கறுத்து, மேலே நீலம் படர்ந்தால் டிஎன். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தால் ஐபிஎஸ். ஐபிஎஸ், 1920×1080, 300 நிட்ஸ், இந்த மூன்றுக்கும் சேர்த்து மூவாயிரம் நாலாயிரம் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுப்பேன்.

பேட்டரிக்கும் அப்படித்தான். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும் ஊரில் இருக்கிறோம். சாதாரண வேலையில் ஒரு லேப்டாப் ஆறேழு வாட் இழுக்கும். 42 வாட்-அவர் பேட்டரி ஆறு மணி நேரம், 56 என்றால் எட்டு. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அன்றைய நாள் முழுசாகிறது. விளம்பரத்தில் 'பதினைந்து மணி நேரம்' என்று பெரிசாகப் போட்டு வாட்-அவரைப் பொடி எழுத்தில் போடுவார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள்.

வைஃபை 6, 6இ எல்லாம் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுக்கும் பிள்ளைக்கு ஒரு பைசா பெறாது.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் பையனின் ஆசை. "அண்ணே, கோடிங்குக்கு ஜிபியூ வேணும்ணே" என்றான். எதற்கு என்று கேட்டால் கண் மட்டும் சிரிக்கிறது. முதலாண்டு சி, பைத்தான், ஜாவாவுக்கு அது வேண்டாம். ஆட்டோகேடில் இரண்டு பரிமாண வரைபடத்துக்கும் வேண்டாம். இரண்டரைக் கிலோ எடை, செங்கல் போன்ற சார்ஜர், நாலு மணி நேரம்கூட நிற்காத பேட்டரி, இவற்றையெல்லாம் தினமும் கல்லூரி பஸ்ஸில் சுமக்க வேண்டும். ஆனால் ஜெயங்கொண்டத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நானே சொல்லி வாங்க வைத்தேன். அவருக்கு அந்தக் கார்டு இல்லாவிட்டால் முகூர்த்த மாதத்தில் ராத்திரி தூக்கம் போய்விடும். ஆல்பம் மட்டும் டிசைன் செய்கிறவர்களுக்கு அதே பணத்தை 16-ஐத் தாண்டிய ரேமில் போடுவது மேல். போட்டோஷாப்புக்கு வேண்டியது அதுதான்.

வாரண்டிக்கு எப்போதும் நான் காசு கொடுக்கச் சொல்வதில்லை, இந்த இரண்டு மாவட்டங்களைத் தவிர. பெரும்பாலான கம்பெனிகளின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்கு இங்கிருந்து திருச்சிக்குத்தான் போக வேண்டும். ஒரு கீலுக்காக ஒரு நாள் கூலி, பஸ் செலவு, பிறகு எடுத்துவர இன்னொரு நாள். வீட்டுக்கே ஆள் வரும் 'ஆன்சைட்' வாரண்டியை இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு நீட்டிக்க ஓரிரண்டாயிரம் என்றால் வாங்கிவிடலாம். வாங்கும் முன் உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கம்பெனியின் கஸ்டமர் கேரிலேயே கேளுங்கள், கடைக்காரர் தலையாட்டியதை நம்பாமல். ரேமோ எஸ்எஸ்டியோ நாமே கூட்டினால் வாரண்டி போகுமா என்பதையும் அங்கேயே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிவிடுங்கள். மாடலுக்கு மாடல் மாறுகிறது.

பையனுக்குக் கடைசியில் எடுத்தது ரைசன் 5 7530யூ, 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி, ஐபிஎஸ் திரை, ஆன்சைட் நீட்டிப்பு. அப்பாவுக்கு மட்டும் பெட்டியில் 'ஐ5' இல்லையே என்று குறை.

செகண்ட் ஹேண்ட் கதை சொல்கிறேன் என்றேனே. விண்டோஸ் 10 முடிந்ததிலிருந்து 8-ஆம் தலைமுறைக்கு மேல் உள்ளவற்றுக்குத் தேவை கூடியிருக்கிறது, 6, 7-ஆம் தலைமுறைகளை அதே ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடவும் பார்க்கிறார்கள். ஸ்டிக்கரை விடுங்கள். ஆன் செய்து, செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கம் போனால் பிராசசரின் முழு எண் இருக்கும்: ஐ5-8 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், ஐ5-6, ஐ5-7 என்றால் வேண்டாம். கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', இடைவெளி விட்டுச் சாய்கோடு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் தொழிற்சாலை அளவு எவ்வளவு, இப்போது நிரம்பும் அளவு எவ்வளவு என்று இரண்டு எண்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பியுங்கள். பயாஸில் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு நின்றுவிடுவதும் உண்டு, எஃப்2 அல்லது எஃப்1 அழுத்தி உள்ளே போக முடிகிறதா பாருங்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள்.